இரண்டாம் பக்கம்

ஓர் உறைக்கு நாற்பத்தைந்து டாலர்.
கதவைத் தட்டி, பெயர் கேட்டு, கையில் கொடுத்து
நேரம் குறித்துக்கொண்டால் என் வேலை முடிந்தது.
டொலிடோவில் ஓர் ஆலை மூடினால்
எனக்கு அடைமழை.
எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள்.
நான் பிடுங்குவதுகூட இல்லை.
எரிகிறது என்று எழுத்தில் அறிவிப்பவள்.

சட்டக் கல்லூரியின் கடிதம் காரில் கிடக்கிறது,
டாஷ்போர்டுப் பெட்டியில், டயர் ரசீதுக்கு அடியில்.
மாலை வகுப்பு, நான்கு வருடம்.
திங்கட்கிழமைக்குள் ஐந்நூறு கட்டினால் இடம் எனக்கு.
மொத்தக் கடன் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் வகுத்துப் பார்க்கிறேன்:
இரண்டாயிரத்து நானூற்று எண்பத்தெட்டு உறைகள்,
மீதி நாற்பது டாலர்.
வட்டி அதில் சேரவில்லை.

"போன வருடம் தேறியவர்கள் இரண்டு பேர்
என் மகனோடு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார்கள்,
போய்ச் சேர்," என்றாள் கோர்ட் எழுத்தர் லொரெட்டா.
என் கணவன் எதுவும் சொல்லவில்லை.
ஹீட்டரை இரண்டு டிகிரி குறைத்துவிட்டுப்
படுக்கப் போனான்.
அதுதான் பதிலா, தெரியவில்லை.

வியாழன். மூன்றாம் மாடி, லிப்ட் ஓடவில்லை.
உறையில் பெயர் ட்ரெவர் ஓபர்ஹோல்ட்சர்.
படிப்புக் கடன் பாக்கி, தொண்ணூற்று ஓராயிரம்.
கதவு திறந்தவனுக்கு என்னைவிட ஏழெட்டு வயது குறைவு.
காலில் சாக்ஸ் மட்டும். பின்னால் சுவரில்
சட்டத்துக்குள் மாட்டிய சட்டப் பட்டம்.

முகங்களை நான் பார்ப்பதில்லை, கைகளைத்தான்.
சில கைகள் நடுங்கும். சில, உறையைச் சோபாவில் எறியும்.
யாரும் அங்கேயே பிரிப்பதில்லை.
இவன் பிரித்தான். வாசலில் நின்றபடியே
மளிகைச் சிட்டை சரிபார்ப்பதுபோல் படித்தான்.
"இரண்டாம் பக்கம் இல்லையே," என்றான்.
"கடன் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று
அதில்தான் இருக்க வேண்டும். விட்டுவிட்டார்கள்."
பிறகு சிரித்தான்.
"வேலை போய் எட்டு மாதம். என் முதல் கேஸ் இதுதான்."

அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல்
படி இறங்கினேன்.
தொண்ணூற்று ஓராயிரம் கொடுத்து
அவன் வாங்கி வைத்திருப்பது அதுதானா?

அடுத்த கதவு தெருமுனையில். நவால் ஷஹீன்.
இடுப்பில் குழந்தை, விரலெல்லாம் மாவு.
வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு.
தாளைத் தூக்கி என்னிடமே காட்டினாள்:
"என்ன எழுதியிருக்கிறது? எனக்கு எத்தனை நாள்?"
எனக்குத் தெரியும். பதினொரு வருடமாக இதே தாள்.
ஆனால் உரிமம் உள்ளவர்தான் சொல்லலாம்.
கொண்டுவந்து கொடுப்பவள் சொன்னால் குற்றம்.
"என்னால் சொல்ல முடியாது, மேடம்."
தினம் பதினைந்து முறை சொல்கிற வாக்கியம்.
இன்று தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

இந்த ஒரு கதவுக்காகக் கடன் வாங்குவேன் என்று
சினிமாவில்தான் முடிவெடுப்பார்கள்.
நான் வக்கீலானாலும் நவாலால்
எனக்குக் கூலி தர முடியாது.
பணம் இருப்பது வீட்டுக்காரனிடம்.
அவன் பக்கம்தான் போய் உட்காருவேனோ என்னவோ.
கடன் காட்டுகிற நாற்காலியில்தானே உட்கார வேண்டும்.

காருக்கு வந்து நேரம் குறித்தேன்: நான்கு பதினேழு.
டாஷ்போர்டைத் திறந்து கடிதத்தை எடுத்தேன்.
வாழ்த்துகள் என்று தொடங்கும் முதல் பக்கம்
எனக்கு மனப்பாடம்.
திருப்பினேன்.
இரண்டாம் பக்கம் இருந்தது,
எறும்பு வரிசைபோல் பொடி எழுத்தில்.

எஞ்சினை அணைத்தேன்.
விரல் விறைக்கும் வரை படிக்கலாம்.
வட்டி என்ற சொல் வந்த இடத்தில்
பேனாவால் ஒரு வட்டம் போட்டேன்.
பிறகு, கொஞ்சம் கீழே,
இன்னொன்று.