நான்காவது சன்னல்

தார்த்து. இரவு இரண்டு மணி. மைனஸ் ஒன்பது.
சாரத்தின்மேல் ப்ரொஜெக்டர் அனல்மூச்சு விடுகிறது.
எதிரே, குடியிருப்பாக மாறிய மாவு ஆலை.
அதன்மேல் என் பச்சைக் கட்டங்கள்
அளவு தப்பித் தைத்த சட்டையாய்த் தொங்குகின்றன.

"இடப்பக்கம்," வாக்கி டாக்கியில் மாரிகா.
"இன்னும். ஐயோ, அவ்வளவு இல்லை,
ஒரு நகக்கண் போதும்."
சுவரடியில் நிற்கிறாள்.
என் கோடு அவள் கம்பளித் தொப்பியில் ஏறி இறங்கிக்
கல்லைத் தொடுகிறது.

வரைபடத்தில் பன்னிரண்டு சன்னல்களும் ஒரே உயரம்.
சுவரில் நான்காவது மட்டும் சற்றே தாழ்வு;
கட்டியவனுக்கு அன்றைக்கு என்ன அவசரமோ.
அதை இழுத்தால் ஐந்தாவது கோணுகிறது.
ஐந்தாவதைச் சமாதானம் செய்தால்
கூரை கோபித்துக்கொள்கிறது.

மூன்றரைக்குப் பொருந்தியது.
விளிம்புவரை வந்து நின்றது வெளிச்சம்,
தளும்பாத பால்.

பனி வழிக்கும் லாரி ஒன்று கடந்தது.
சாரம் அதிர்ந்தது.
கட்டடம் முழுக்க ஒரு விரல் விலகல்.

மறுபடி முதல் புள்ளி.

அப்போதுதான் நான்காவது திறந்தது.
உள்பனியனோடு ஒருவர்; கண்ணைக் கசக்குகிறார்,
முகம் பாதி நீலம், பாதி என் கட்டம்.
மாரிகா எதுவும் சொல்லவில்லை.

அவர் சன்னலுக்கு ஒரு கறுப்புச் சதுரம் வெட்டினேன்,
தாழ்ந்த மூலையும் தாழ்ந்தபடியே.
நாளை என் திமிங்கிலம்
அந்த உறக்கத்தைச் சுற்றி நீந்திப் போகட்டும்.