ஏழரை சென்டிமீட்டர்

கிதான்ஸ்க் நகரத்தில் ஒரு குடியிருப்பு
வளைந்து வளைந்து எண்ணூறு மீட்டர் நீள்கிறது.
ஊரார் அதை அலைவீடு என்கிறார்கள்.
அதன் ஆறாம் மாடியில், ஒரு சமையலறைத் தரையில்,
தோப்ரவா தண்டவாளம் போடுகிறாள்.
ஒரு மீட்டர் நீளம். அதன்மேல் பயணி
கட்டைவிரல் உயர ஆன்டெனா.
மோட்டார் ஒருமுறை முனகினால்
ஒரு மில்லிமீட்டர் பயணம்.

வீட்டுக்காரர் இரெனேயுஷ்,
கப்பல் பட்டறை வெல்டர்,
தேநீரை வைத்துவிட்டுக் கேட்கிறார்:
எதை அளக்கிறீர்கள்?

பள்ளங்களை.

அவர் சிரிக்கவில்லை.
மிதியடியை ஒதுக்கிக் காட்டுகிறார்.
நீல டேப்பில் ஒரு பெருக்கல் குறி.
வியாழன் இரவு ஏழே முக்காலுக்கு
இடது கால் இங்கே.
வலது காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும்.
ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கவே கூடாது.
அப்போதுதான் நார்வேயிலிருந்து
ஹல்ஷ்கா முழுசாகக் கேட்பாள்.

முன்னாள் மனைவி.
நாயும் அவளோடு போய்விட்டது.
பிரித்துக்கொண்டதில் இவர் பங்குக்கு வந்தது
வாரம் ஒருமுறை அதன் காதில் பேசுவது.

மோட்டார் முனகுகிறது.
திரையில் கோடு மேட்டில் ஓடி,
சட்டென்று கிணற்றில் விழுந்து,
ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஏறுகிறது.
டேப் ஒட்டிய இடம் நல்ல மேடு.
இரண்டு விரற்கடை தள்ளினால்
ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை.
கிணற்றுக்கும் கிணற்றுக்கும் இடையே
ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டர்.
ஏழரை என்றால் நமக்குச் சனி.
அவளுக்கு அலைநீளத்தில் பாதி.

கோபுரம் இங்கிருந்து தெரியாது, என்கிறாள்.
நேராக எதுவும் வருவதில்லை.
எதிர் பால்கனிக் கண்ணாடியில் மோதி ஒன்று,
லிஃப்டின் இரும்புக் கதவில் பட்டு ஒன்று,
தேவாலயத் தகரக்கூரையைத் தொட்டுவிட்டுத்
தாமதமாய் ஒன்று.
நூறு வாசல் வழியே ஒரே குரல்.
இது ஏறும் கணத்தில் அது இறங்கினால்
கூட்டிக் கழித்துப் பூஜ்யம்.

அப்படியானால் அந்தப் பள்ளத்தில்
அவள் பேச்சு வருவதில்லையா?

வருகிறது. எல்லாமே வருகிறது.
எல்லாம் வந்ததால் கேட்கவில்லை.

இரெனேயுஷ் குவளையைத்
திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
எங்கள் கடைசி இரண்டு வருஷமும்
என்று தொடங்க வாயெடுத்து,
சர்க்கரை போதுமா என்கிறார்.

கீழே குப்பை லாரி வந்து நிற்கிறது.
அதன் தகர விலா அலைகளுக்குப் புதுக் கண்ணாடி.
திரையில் மேடெல்லாம் இடம் பெயர்கின்றன.
நீலக் குறி இப்போது கிணறு.
மணி ஏழு நாற்பத்திரண்டு.

எங்கே நிற்பது?

அடுப்புப் பக்கம் என்கிறாள், சொல்லி முடிப்பதற்குள்
தெருமுனையில் டிராம் திரும்புகிறது.
அடுப்புப் பக்கமும் போயிற்று.

நிற்காதீர்கள், என்கிறாள்.
நடந்துகொண்டே பேசுங்கள்.
பள்ளம் வரும். ஆனால்
எதிலும் குடியிருக்க மாட்டீர்கள்.

போன் அடிக்கிறது.
இத்தனை வருஷம் ஒற்றைக்காலில் நின்ற மனிதர்
அடுப்பிலிருந்து ஜன்னலுக்கு,
ஜன்னலிலிருந்து அடுப்புக்கு.
ஹல்... காதுகிட்ட வை...
பீகோஸ், டேய் பீகோஸ்.
குரைப்பில் பாதிதான் வந்து சேருகிறது.
அப்புறம் மூச்சு, நிறைய மூச்சு.
நகங்கள் எங்கோ மரத்தரையைக் கீறுவது.
ஹல்ஷ்கா ஏதோ சொல்ல
இவர் ஆமாம் ஆமாம் என்கிறார்,
காதில் விழாத இடத்துக்கும் சேர்த்து.

விதிப்படி, அறையில் ஆள் நடமாடினால்
அந்தப் பதிவை அழித்துவிட வேண்டும்.
மனித உடம்பு எண்பது கிலோ உப்புத்தண்ணீர்,
வருகிற அலையைக் குடித்துவிடும்.

நள்ளிரவு, அலுவலகம்.
தோப்ரவா அந்தக் கோப்பைத் திறக்கிறாள்.
பதினோரு நிமிடம்,
தலையும் வாலும் இல்லாமல் ஏறி இறங்கும் கோடு.
அழிக்கும் பொத்தான்மேல் விரல் கொஞ்ச நேரம் இருந்தது.

பிறகு குறிப்புக்கான கட்டத்தில்
நாய் என்று தட்டி
சேமித்துவிட்டு
விளக்கை அணைத்தாள்.