மூன்று பனை உயரம்

மலை ஏறப் போவோமா மேடம் என்று
நேவிஸ் கேட்டபோது
முத்திரை குத்திக்கொண்டிருந்த கை நின்றது.
இந்தத் தீவுக்கு மாற்றலாகி ஏழு மாதம்.
குடையை நட்டுவைத்தால்
அதுவே சிகரம் என்று சொல்லக்கூடிய தரை.

நான் வால்பாறைக்காரி.
நாற்பது கொண்டை ஊசி வளைவிலும்
வாந்தி எடுக்காமல் வளர்ந்தவள்.
சிரித்துவிட்டேன்.
அவள் ஆர்டி புத்தகத்தை மடித்து
இடுப்பில் செருகிக்கொண்டு
ஞாயித்துக்கிழம, பூச முடிஞ்சதும், என்றாள்.

மூன்றாம் நம்பர் பஸ்.
நிறுத்தமே இல்லாத இடத்தில்
"மேட்டுக்கிட்ட" என்றாள் டிரைவரிடம்.
நின்றது.
என்னிடம் ஷூ, தொப்பி, குளுக்கோஸ்,
இரண்டு லிட்டர் தண்ணீர்.
அவளிடம் ஒரு கொட்டாங்கச்சி.

சவுக்கு முடிகிற இடத்தில் மணல் எழுந்து நிற்கிறது.
மூணு பனை ஒசரம், என்றாள்.
எந்தப் பனை என்று கேட்டிருக்க வேண்டும்.

ஓர் அடி வைத்தால்
முக்கால் அடியைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் மணல்.
எங்கள் ஊர் மலை நின்ற இடத்தில் நிற்கும்,
ஏறுகிறவள்தான் இளைக்க வேண்டும்.
இது என்னோடு சேர்ந்து சரிகிறது,
கூடவே வருகிற கடன்காரன் மாதிரி.
ராவணன் மீசை கணுக்காலைக் குத்தியது.
புல்லுக்கு அப்படியொரு பெயர்.
சவரம் செய்துகொண்டிருக்கலாம் அந்த மனுஷன்.

ஷூவுக்குள் அரைப்படி கரை.
கழற்றி, கயிறுகளை முடிந்து
கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.
திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:
"குதிங்கால ஊனாதீக.
வெரலால நடங்க, தண்ணிக்கடியில நடக்குற மாதிரி."

தண்ணீருக்கடியில் நான் நடந்ததில்லை.
காலில் தகடு கட்டி, விரலில் துணி சுற்றி
மூச்சை அடக்கிப் பாசி பறிக்கிறவள்
மேலே போய்க்கொண்டிருந்தாள்
இரைக்காமல்.

உச்சி என்று ஒன்றும் இல்லை.
சோளகம் முகத்தில் அறைந்த இடம்
உச்சி.

இடது பக்கம் ஒரு கடல். வலது பக்கம் ஒரு கடல்.
நடுவே ஈரத் துணி காயப்போட்ட கொடிபோல் ரோடு.
பின்னால், மேற்கே, கோபுரம் கட்டைவிரலாக,
டிவி டவர் ஈர்க்குச்சியாக.
இது பெண்கடல், அது ஆண்கடல், இல்லையா
என்றேன், எங்கோ கேட்டதை வைத்து.
"அது கரையில நிக்கிறவுக வச்ச பேரு.
முங்குனா ரெண்டும் ஒரே இருட்டு."

அப்போது என் போன் அதிர்ந்தது.
இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம்.
நிமிடத்துக்கு இவ்வளவு என்று விலையும் போட்டு.
மூன்று பனை ஏறியதற்கு
ஒரு நாடு.

சிரித்தபடி நீட்டினேன்.
அவள் தன் போனைத் தலைக்கு மேல் தூக்கி
கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள்.
அதற்கும் வந்தது.
பிறகு தள்ளித் தள்ளிக் காட்டினாள்,
அழிக்காமல் வைத்திருக்கும் பதினொரு வரவேற்பு,
பதினொரு தேதி.

"அவுக யாழ்ப்பாணத்துல உள்ள இருந்தாகள்ல,
எல்ல தாண்டுனாகன்னு.
அப்ப வந்து ஏறி நிப்பேன்.
அவுகளுக்கு இந்த மெசேசு வந்துருக்காது.
எனக்கு வந்துச்சு."

வந்துவிட்டாரா?
"வந்துட்டாக. படகுதான் வரல."

கேட்கக் கூடாததைக் கேட்டேன்:
இப்போது ஏன் ஏறுகிறாய்?

"காத்து நல்லாருக்கு."

இறங்க நான்கு நிமிடம்.
உட்கார்ந்து சறுக்கினோம்,
மத்திய அரசு ஊழியரும் வாடிக்கையாளரும்.
மேட்டின் அடியில் அடப்பங்கொடியை விலக்கி
முழங்கை ஆழம் தோண்டினாள்.
ஊறியது.
கொட்டாங்கச்சியில் மொண்டு நீட்டியதில்
உப்பு இருக்கும் என்று நாக்கு தயாராக இருந்தது.
இல்லை.
இன்னொரு கச்சி கேட்டேன்.

அடுத்த வருசம் இந்த மேடு இங்க இருக்காது மேடம்,
காத்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிரும், என்றாள்.
போனால் போகட்டும் என்பதுபோல்.

பஸ் ஒரு மணி நேரம் வரவில்லை.
நான் சுமந்துவந்த இரண்டு லிட்டரை
வழியில் நின்ற வெள்ளாட்டுக்குக் குழியில் ஊற்றினோம்.
மோந்து பார்த்தது.
ஊற்றுப் பக்கம் போய்விட்டது.