பிசிறு

திங்கள்சந்தையில் தையல்கடை வைத்திருக்கும்
புளோரா பாய் கேட்டது ஒரு வெட்டு மேசை.
எட்டுக்கு நாலு, முக்கால் இஞ்சு பிளைவுட்.
"மரம் எதுவானாலும் சரி, துணி பிடிக்கப்பிடாது."
வேறு நிபந்தனை இல்லை.

அறுத்த விளிம்பில் பதின்மூன்று அடுக்கு
நெடுக்கும் குறுக்குமாய்,
மழையில் நனைந்து காய்ந்த
கணக்குப் புத்தகத்தின் பக்கவாட்டு மாதிரி.
நடுவில் எறும்பு நுழையும் ஓட்டை ஒன்று.

வில்லுக்குறியில் ஒரு வீட்டுக்குக்
கட்டளை செய்ததில் மிஞ்சிய அயனி கிடந்தது.
கால் இஞ்சுக் கனத்தில் பட்டை கிழித்தேன்,
பலகையைவிட அரை நூல் அகலம் கூட்டி.
இஞ்சில் எட்டில் ஒன்று எங்கள் நூல்.
அவளுடைய நூல் வேறு.

பிளைவுட் விளிம்பு பசை குடிக்கும்.
முதல் பூச்சைக் குடித்துவிட்டு
ஒன்றும் நடக்காதது போல் இருக்கும்.
இரண்டாவது பூச்சுதான் நின்றது.
ஆணி வேண்டாம், கத்தரி தட்டும்.

கிளாம்பு நாலுதான் இருந்தது.
சைக்கிள் டியூபை வார் வாராய் அறுத்து
பலகையைச் சுற்றி இழுத்துக் கட்டினோம்.
காலையில் ரப்பர் வெட்டிவிட்டு வரும் சஜின்
இடுக்கில் பிதுங்கிய வெள்ளையைப் பார்த்து
"அண்ணா, பால் வருது" என்றான்.
துடைக்காதே, ஈரத்துணி பட்டால்
பசை நரம்புக்குள் இறங்கும், பாலீஷ் ஏறாது,
பாதி காயட்டும், சீவிக்கொள்ளலாம் என்றேன்.
ஆனிச் சாரல். அது காய
ஒன்றரை நாள் எடுத்தது.

அரை நூல் மிச்சத்தை
இழைப்புளியால் மூச்சைப் பிடித்து எடுத்தேன்.
மேல்தோல் வெங்காயச் சருகு;
ஒரு தள்ளு கூடினால்
அடியில் சிவப்பு தெரிந்துவிடும்.
தெரியவில்லை.

வந்தாள். பையிலிருந்து
ஒரு முழம் ஷிஃபான் எடுத்தாள்.
விளிம்பில் போட்டு இழுத்துக்கொண்டே நடந்தாள்,
கண்ணை மேசையில் வைக்காமல்
என் மேல் வைத்து.
மூன்றாவது மூலையில் துணி நின்றது.

"இங்க."

பார்த்தேன், ஒன்றுமில்லை.
பெருவிரலால் தடவினேன், ஒன்றுமில்லை.
"உம்ம விரலு மரத்துப் போச்சு மேஸ்திரி."
சொன்ன பிறகுதான் வெளிச்சத்துக்குச் சாய்ந்து பார்த்தேன்.
இரண்டு பட்டை சேரும் மூலையில்
கடுகளவு பசை,
கண்ணாடியாய் இறுகி.

உடைந்த சில்லால் சுரண்டினேன்.
ஷிஃபான் தாண்டிப் போனது.
சஜின் ஆட்டோவுக்கு போன் எடுத்தான்.

அவள் குனிந்தாள்.
மேசைக்கு அடியில் கையை விட்டு
விளிம்பின் கீழ்ப்பக்கம் தடவினாள்.
அங்கே அரை நூல் அப்படியே நின்றது.
யார் பார்க்கப் போகிறார்கள் என்று
இழைக்காமல் விட்டது.

"மடியில கெடக்கியதும் துணியாக்கும்."

போனை வைத்துவிட்டு
சஜின் ஒரு தலைப்பைப் பிடித்தான்,
நான் மறு தலைப்பை.
மேசையைக் கவிழ்த்தோம்.
முன்பணம் போக மீதியை
இரண்டாய் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு
மேசை மறுபடி நிமிரும்வரை
நின்றுகொண்டே இருந்தாள்.