பிளாட் எண் பதினேழு

படம் வந்துவிட்டது.
மண்ணுக்கு ஒன்று, செடிக்கு ஒன்று,
இலைக்கும் விதைக்கும் ஒன்று என
மூன்று அட்டவணையையும் மடித்து
மென்பொருள் ஒரே திரையில் அழுத்திய படம்.
நடுவில் ஒரு கூட்டல் குறி. சுற்றிலும் அம்புகள்.
பெயர்மேல் பெயர் ஏறி
காட்பாடி பாலத்தில் சாயங்காலம் ஆறு மணி.
எருக்கு எங்கே, ஆவிரை எங்கே, தெரியவில்லை.
துத்தியின் முதலெழுத்து மட்டும்
பஸ் ஜன்னலில் கை மாதிரி வெளியே.

"இத அப்படியே அனுப்பினா சிரிப்பாங்க" என்றாள் தபஸ்ஸும்.
"படத்தக் கேக்காத.
படம் எதவெச்சு வரஞ்சுதோ அதக் கேளு."

பெயருக்குப் பின்னால் ஒரு டாலர் குறி போட்டேன், ஒரு கதவு.
இன்னொரு டாலர், இன்னொரு கதவு.
இந்தப் பக்கத்தில் டாலர் என்றால்
ஆம்பூர் ஷூ கப்பலேறியதும் வருவது.
எனக்கு அது சாவி.
உள்ளே எல்-ஐ, சி-ஒன்று, எம்-க்யூ.
இப்படிப் பெயர் வைத்தவர்
சார்பதிவாளர் ஆபீசில் இருந்திருக்க வேண்டியவர்.

மூன்றாவது கதவுக்குப் பின்னால் எண்கள்,
நேர்வரிசையில், சத்தமில்லாமல்.
எருக்கு: ஒன்று புள்ளி நான்கு மூன்று.
அந்த எருக்கிலையை மே மாத வெயிலில்
காலிப்பரில் கவ்விப் பிடித்தபோது
பால் வழிந்து மணிக்கட்டு இரண்டு நாள் அரித்தது.
அரிப்புக்கென்று ஒரு நிரல் இல்லை.
கோரை: மைனஸ் பூஜ்யம் புள்ளி ஏழு.
கோரையை எனக்குப் பிடிக்கும்.

தடித்த இலையின் அம்பும் குரோமியத்தின் அம்பும்
ஒரே திசையில், கிட்டத்தட்ட கைகோத்து.
தற்செயலா என்று வரிசைகளைத்
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது முறை
குலுக்கிப் பார்த்தது இயந்திரம்.
ஏழு முறைதான் இப்படி வந்ததாம்.
ஏழு.
மனசு அந்த ஏழிலேயே கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு இடங்கள்.
பாலாற்றங்கரையில் வாணியம்பாடி தொடங்கி
நாங்கள் கயிறு கட்டி அளந்த முப்பத்திரண்டு சதுரங்கள்.
முப்பத்தொன்று கூட்டமாக உட்கார்ந்திருக்க
பதினேழு மட்டும் வலது மேல் மூலையில், தனியாக.
தட்டச்சுப் பிழையாக இருக்கும்.
நீக்கிவிட விரல் போனது.
அதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாமென்று
வண்டியை எடுத்தேன்.

ராணிப்பேட்டைக்கு அப்பால், ஆற்றை ஒட்டி,
நாங்கள் அடித்த ஆப்பு இல்லை.
வெள்ளைக் கல், மஞ்சள் கொடி, தார் மணக்கும் ரோடு.
குடைக்குக் கீழே ஏகாம்பரம் என்கிற புரோக்கர்.
"எந்த பிளாட்டும்மா?"
"பதினேழு." வாயில் வந்துவிட்டது.
"அதுவா? போயிடுச்சே.
கூட்டினா எட்டு வருது, எவனும் தொடமாட்டான்னு நெனச்சேன்.
ஆனா ஈசானி மூல பாருங்க, மொத நாளே அட்வான்ஸ்.
முப்பதடியில தண்ணி."

தண்ணி என்றதும் சொல்ல வாய் திறந்தேன்.
என்னிடம் இருந்தது ஒன்று புள்ளி ஒன்பது எட்டு.
அதற்கு அலகு இல்லை.
மில்லிகிராம் இல்லை, லிட்டர் இல்லை,
நடுவிலிருந்து இவ்வளவு தூரம், அவ்வளவுதான்.
சொன்னேன்.
"அது சதுர அடிக்காம்மா?" என்றார்.

ராத்திரி சத்துவாச்சாரி அறையில்
படத்திலிருந்து எண்ணுக்கு,
எண்ணிலிருந்து அட்டவணைக்கு,
அட்டவணையிலிருந்து
ஃபிரிட்ஜில் கிடக்கும் மண் பைக்குத் திரும்பி நடந்தேன்.
பதினேழு. மார்க்கர் எழுத்து. தபஸ்ஸும் கை.
பிழை இல்லை.
"எடுத்துடலாமா?" என்றாள்.
"வேணாம். வித்தாச்சு."

படத்தை மறுபடி வரைந்தேன்.
துத்திக்கு முழுப்பெயர் கிடைத்தது.
எருக்கின் பெயரைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினேன்.
பதினேழை இருக்கிற இடத்திலேயே விட்டேன்.
ஓரத்தில் பென்சிலால் பத்து இலக்கம்,
ஏகாம்பரம் முனகிக்கொண்டே தந்தது,
வாங்கியவருடையது.
மண்ணின் அளவை, இம்முறை அலகோடு,
ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு
போனை எடுத்தேன்.

ரிங் போகிறது.