இரண்டும் ஒன்றுதான்

ஹற்றன் பஸ் நிலையத்துக்கு எதிரே
இரும்புக்கடை மாடியில் நஸ்மி நானாவின் கடை.
கண்ணாடி மேசையில் இரண்டை வைத்தார்.

ஒன்று நீலப் பெட்டி.
பெட்டியின் விலாவில் சின்ன ஜன்னல்,
ஜன்னலுக்குள் புரொசஸர்,
பெண் பார்க்க வந்தவர்கள் முன்
உட்கார வைத்ததுபோல.
மற்றது வெறும் பிளாஸ்டிக் சிமிழில்.
முட்டைத் தட்டுபோல ஒரு ட்ரேயில்
நூற்றுக்கணக்கில் அடுக்கி வந்ததில் ஒன்று.
ஃபேன் கிடையாது. புத்தகம் கிடையாது.
கேஸில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர்கூடக் கிடையாது.

"ரெண்டும் ஒண்ணுதான் தங்கச்சி.
ஒரே ஃபெக்டரி, ஒரே மொடல், ஒரே வேகம்."
பிறகேன் எட்டாயிரத்து ஐந்நூறு வித்தியாசம்?
பெட்டியை விரலால் தட்டிக் காட்டினார்.
உள்ளிருந்து காற்றுத்தான் பேசியது.

திலகேஸ்வரி, தொழிலில் என் சரிபாதி,
ஃபோனை எடுத்தாள்:
ட்ரே முப்பத்தெட்டாயிரம்,
தனியாக ஒரு கூலர் நாலாயிரம்,
பேஸ்ட் அறுநூறு.
அப்படியும் மிச்சம்
மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.
"அது ரெண்டு வருஷத்து நித்திரையின் விலை" என்றாள்.
பெட்டிக்கு மூன்று வருடம், கம்பனி பொறுப்பு.
ட்ரேக்கு ஒரு வருடம், நஸ்மி நானா பொறுப்பு.

கம்பனி எங்கே இருக்கிறது?
கொழும்பில் ஒரு கவுண்டர்,
அதன் பின்னால் சிங்கப்பூர்,
அதற்கும் பின்னால் யார் கண்டது.
நஸ்மி நானா இங்கே இருக்கிறார்.
வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மட்டும் கடை பூட்டு.

நாங்கள் கல்யாண வீடியோ வெட்டுகிறவர்கள்.
நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை வரை
பாதிப் பேரின் தாலி எங்கள் ஹார்ட் டிஸ்க்கில்.
பழைய மெஷின் ஒரு மணிநேரப் படத்துக்கு
ஒரு முழு ராத்திரி கேட்கும்.
நடுவில் கறண்ட் போனால்
மறுபடி முகூர்த்தத்திலிருந்து.
ஆவணியில் பதினொரு கல்யாணம்.
சீட்டுக் காசு கையில் நாற்பத்து நாலு.

தேயிலையைச் சொல்வீர்கள் என்று தெரியும்:
ஒரே கொழுந்து, சாக்கில் போனால் ஒரு விலை,
யானைப் படம் போட்ட டப்பாவில் ஒரு விலை.
சொல்லலாம்.
எனக்கு ஞாபகம் வந்தது அதுவல்ல.

அப்பாவுக்கு நாற்பது தாண்டித்தான்
ஒரு நாட்டின் பெயர் எழுதிய காகிதம் வந்தது.
அது வருவதற்கு முதல் நாளும்
அதே கவ்வாத்துக் கத்தி, அதே கை,
அதே இருமல்.
காகிதம் இல்லாதவற்றின் மேல் அதனால் எனக்கு
ஒரு பட்சம் உண்டு.
ஆனால் அதே அப்பாதான்
அதைப் பொலித்தீனில் சுற்றி
டிரங்குப் பெட்டியில் பூட்டினார்,
சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

"பில்லில சீரியல் நம்பர் எழுதித் தருவீங்களா?"

நஸ்மி நானா கண்ணாடியைத் தேடினார்.
கடைப் பையன் தில்ஷான்
ஃபோன் கமராவில் பெரிதாக்கி
சிங்களத்தில் ஒவ்வொன்றாக வாசிக்க
அவர் பேனாவால் எழுதினார்.
திலகேஸ்வரி தமிழில் சரிபார்த்தாள்.
ஏழா ஒன்றா என்று ஒரு தகராறு.
முத்திரை மங்கலாக விழுந்தது;
இன்னொரு தரம் குத்தச் சொன்னோம்.

ராத்திரி மூலையில் தங்க முக்கோணம் பார்த்து
மூச்சை அடக்கி இறக்கி வைத்தேன்.
பட்டாணி அளவு பேஸ்ட்.
உலோகத்தின் மேல் இருந்த எழுத்தெல்லாம்
சாம்பல் நிறத்துக்குள் போயிற்று.
எதில் வந்தாய் என்று
மதர்போர்ட் கேட்கவில்லை.

"வெடிச்சா நீதான் காசு குடுக்கணும்."
"குடுக்கிறேன்."
சொல்லிவிட்டு பில்லை மூன்று பிரதி எடுத்தேன்.
ஒன்றை அவள் கேட்காமலே மடித்துக்
கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

திரையில் முப்பத்தொரு பாகை.
ஜன்னலுக்கு வெளியே பதினாலு இருக்கும்,
மூடுபனி, ஒரு முச்சக்கரவண்டியின் ஒற்றை விளக்கு.
டிக்கோயாக் கல்யாணத்தை ஏற்றினோம்.
மாப்பிள்ளை தும்முகிற இடத்தை வெட்டுவதா
விடுவதா என்று
அடுத்த சண்டை தொடங்கியது.