உள்மடிப்பு

எல்லாரும் படுங்க என்றேன்.
காம்பராவின் சிமெந்துத் தரையில்
அமலதாஸ், ரெபேக்கா, நடுவில் ஜோயல்,
என் இடத்துக்கு ஒரு தலையணை.
சாக்கட்டியால் சுற்றி வரைந்தேன்.
அகலம் ஐந்தடி, நீளம் ஆறரை.
ஜோயலின் காலடியில் மட்டும்
இரண்டு அங்குலம் உள்மடிப்பு விட்டேன்,
பள்ளிக்கூட நீலக் காற்சட்டைக்கு விடுகிற மாதிரி.
வளருவான்.

பத்து வருடம் கார்மெண்ட்ஸில்
கைக்குழி வெட்டிய கை.
வளைவு எனக்குத்தான் வந்தது.
பழைய பேப்பரை மாப்பசையில் ஒட்டி
முழு அளவில் வெட்டிப் போட்டேன்.
முன்னால் தோளாக எழும்பி
பின்னால் மெலிந்து இறங்கியது.
கண்ணீர்த்துளி என்றார் அமலதாஸ்,
போனில் படம் பார்த்தவர்.
அந்தப் பேர் வேண்டாம் என்றேன்.
பலாக்கொட்டை என்றாள் ரெபேக்கா.
அதுவே நின்றுவிட்டது.

சவரிமுத்து மச்சானின் மொரிஸ் மைனர்
முந்நூறு கிலோவுக்கு மேல் இழுக்காது,
அதுவும் இறக்கத்தில்.
ஆகையால் ஒவ்வொரு பலகையையும்
ஞாயிற்றுக்கிழமை மடுவத்துக்குத் தூக்கிப்போய்
கொழுந்துத் தராசில் நிறுத்தோம்.
என் அம்மாவின் கொழுந்தில்
தண்ணிக்கென்று தினம் இரண்டு கிலோ கழித்த தராசு.
பலகையில் ஒன்றும் கழிக்கவில்லை.
பாரமான கதவு வேண்டாமென்று
கதவை மெலியவைத்தோம்.
அச்சு, உடைந்த டிரெய்லரிலிருந்து.
கூரைக்கு உட்பக்கம்
ஸ்டோரில் கிடந்த தேயிலைப் பெட்டிகள்,
கப்பலேறாமல் தங்கிப்போனவை.
கறுப்பு எழுத்து சுரண்டியும் போகவில்லை.
படுத்துப் பார்த்தால்
தோட்டத்தின் பேர் தலைகீழாகத் தொங்கும்.

லயத்துக்குப் பின்னால் கோழிக்கூடு கட்டவும்
ஆபீஸுக்குக் கடிதம் கொடுக்கவேண்டும்.
குசினியை மூன்றடி தள்ளிய பிரான்சிஸ்காவுக்கு
சுவரை இடிக்கச் சொல்லித் துண்டு வந்தது.
எங்களிடமும் வந்தார் உத்தியோகத்தர்,
குடையும் கொப்பியுமாக.
யாரைக் கேட்டுக் கட்டுறீங்க?
அமலதாஸ் பேசவில்லை.
சில்லுக்கு முட்டுக்கொடுத்த கல்லைக்
காலால் தட்டினார்.
பலாக்கொட்டை அரையடி உருண்டு
சப்பாத்துக்கு முன்னால் நின்றது.
கொப்பியில் அதற்குக் கட்டம் இல்லை.
பக்கம் பக்கமாகத் தேடினார்.
பிறகு மெதுவாகக் கேட்டார்:
உள்ளே பார்க்கலாமா?

நுவரெலியாவில் வாவி பார்க்கத்தான் கிளம்பினோம்.
நானுஓயா ஏற்றத்தில்
இரண்டாவது வளைவுக்கே ரேடியேட்டர் விசிலடித்தது.
மச்சான் காருக்குள்ளேயே குறட்டைவிட
நாங்கள் நாலு பேரும் ஒருக்களித்துப் படுத்தோம்.
ஒருவர் திரும்பினால்
எல்லாரும் திரும்பவேண்டும்.
தகரத்தில் அதே மழை, அதே சத்தம்.
ஏதோ ஒன்று குறைந்தது.
ஜோயல்தான் கண்டுபிடித்தான்.
அம்மா, பக்கத்து வீட்டு இருமல் எங்க?
பக்கத்து வீடு இல்லடா.
எந்தப் பக்கம்?
எந்தப் பக்கமும்.
கொஞ்சம் பயந்தான். பிறகு தூங்கிவிட்டான்.

பின்கதவின் கீலில்
மோட்டார் சைக்கிள் டியூபைக் கீறி
நான்தான் தைத்து ஒட்டியிருந்தேன்.
நன்றாகவே பிடித்திருந்தது, ஒரு தையல் தவிர.
அதிலிருந்து விடிய விடியச் சொட்டியது,
சரியாக அவன் காலடியில்,
அவன் இன்னும் வந்து சேராத
அந்த இரண்டு அங்குலத்தில்.

காலையில் பின்கதவைத் தூக்கி
அடுப்பைப் பற்றவைத்தபோது
பாட்டுப் போட்டுக்கொண்டு
பாண்காரரின் த்ரீவீல் வந்து நின்றது.
புதுக் கடையா? பிளேன்டீ என்ன விலை?
நான் சிரிப்பதற்குள்
ரெபேக்கா கணக்குப் பார்த்துவிட்டாள்:
ரெண்டு மாலு பணிஸ்.
அவர் தலையைச் சொறிந்தார்.
சரி, சீனி கூடப் போடு என்றார்.